புருவம் வரைந்த அக்கா

திருச்செந்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை. பக்கத்து இருக்கை அக்காவையும் நேர்த்திக்கடன் என்றே நினைத்தேன். குலுங்கும் பஸ்ஸில் கைக்கண்ணாடி பார்த்து அவர் பென்சிலால் புருவம் வரைந்தபோதுதான் புரிந்தது, அவருக்கும் என்னைப் போலவே முடி கொட்டும் நோய். இப்படிப்பட்டவர்கள் நேரில் கூடும் இடத்தை நெட்டில் தேடினால் சென்னை, பெங்களூர் என்றே காட்டும்.

முக்காட்டுக்குள் புருவமில்லாத என் நெற்றியை அவரும் பார்த்துவிட்டார்.

"முருகன் முடியத்தான் கேப்பாரு ஏளா, புருவத்தக் கேக்கமாட்டாரு. ஞாயித்துக்கிழம துறைமுக பீச்சுக்கு வா. நம்மள மாதிரி ஏழெட்டுப் பேரு கூடுதோம்."

"அங்கன காத்து முக்காட்டத் தூக்கிருமே, அக்கா."

"அதுக்குத்தான அங்கன கூடுதோம்."

போனேன். காற்று முக்காட்டைத் தூக்கியது. நான் பிடிக்கவில்லை. வெறுந்தலையில் கடற்காற்று பட, எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

பஸ்ஸின் அந்தக் குலுக்கலில் அக்காவுக்குப் புருவம் எப்படிக் கோணாமல் வந்தது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. எனக்குக் கோணலாகத்தான் வருகிறது. அதோடுதான் பஸ் ஏறுகிறேன்.