மண்டி மொஹல்லாவுக்குப் போன மட்டி மூட்டை

காலை ஆறரை மணி, கொள்ளேகால் பேருந்து நிலையம். தொண்ணூற்றாறாம் வருடம், பங்குனி. நானும் என் அக்கா மாரியம்மாளும் மைசூர் வண்டியில் ஏறினோம். நடத்துநரின் கண் எங்கள் மேல் இல்லை, மூட்டை மேல் இருந்தது. ஈரச் சாக்கில் காவிரி மட்டி, ஆற்றுச் சிப்பி. மைசூரில் வாக்கப்பட்ட அக்கா மகள் செல்விக்கு நான்கு மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. மட்டிக் குழம்பு ஒன்றுதான் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தாள்.

“ஏனம்மா அது? மேலே ஹாக்கி,” என்றார் நடத்துநர். அது என்ன என்று கேட்டு, கூரைமேல் போடச் சொல்கிறார்.

“வெயில்ல செத்துப்போயிருமுங்க. செத்த மட்டிய எம் புள்ளைக்கு ஆக்கிப் போடறதுங்களா?” என்றாள் அக்கா.

மட்டி எடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் சட்டங்கள் உண்டு. கட்டைவிரல் நுனியை விடச் சின்னதை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். ஓட்டோடுதான் கொண்டுபோக வேண்டும். சாக்கு காயக் கூடாது. வாய் பிளந்து கிடப்பதைத் தட்டிப் பார்த்து, மூடாவிட்டால் குப்பையில் போட வேண்டும். அரசாங்கம் எழுதிய சட்டமல்ல, அதனால்தான் யாரும் மீறுவதில்லை.

நடத்துநர் முனகிக்கொண்டே மூன்று ரூபாய்க்கு லக்கேஜ் சீட்டு கிழித்தார். மூட்டை அக்காவின் காலடியில் வந்தது. நரசிப்புரத்தில் நான் இறங்கித் தண்ணீர் பிடித்துச் சாக்கை நனைத்தேன். முன்சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். அவருடைய பீடிப் புகையை அறுபது கிலோமீட்டர் நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

ஒன்பது மணிக்கு மைசூர். ஆட்டோ பிடித்து செல்வி குடியிருக்கும் மண்டி மொஹல்லா. ஒற்றை அறையில் செல்வி கன்னம் ஒட்டிப் படுத்திருந்தாள்.

கட்டட வேலை செய்யும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “அத்தை, மீன், மட்டி ஏதும் ஆக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் ஓனரம்மா ரூம் குடுத்தாங்க. சைட்ல ஓட்டை உடைச்சு ஆக்கி, கேரியர்ல மூடிக் கொண்டாந்துடறேன்.”

“மூடி மறைச்சுத் திங்க இது என்ன திருட்டுச் சோறா? ரூமுக்குள்ளதானே ஆக்கக் கூடாது?” அக்கா பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தில் வைத்தாள். ஒவ்வொரு மட்டியாகத் தட்டிப் பார்த்துச் சட்டியில் போட்டாள்.

குழம்பு கொதித்ததும் வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்தார். “இதெல்லா நம்ம மனே முந்தெ ஆகல்லா!” தன் வீட்டு முன்னால் இதெல்லாம் ஆகாதாம்.

“வீடு உங்களுதுங்க. ரோடு யாருதுங்க?” என்றாள் அக்கா.

அந்த அம்மாள் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் முகம் செத்துவிட்டது. இந்த ஊரில் எங்களுக்கு அறை காட்டுமுன் என்ன சாப்பிடுவோம் என்றுதான் கேட்கிறார்கள். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது.

செல்வி எழுந்து வந்து சந்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். மறுசோறு கேட்டாள். வாந்தி வரவில்லை.

நான்கு மணி வண்டிக்குக் கிளம்பினோம். எங்கள் ஊரில் குழம்பு மணம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கிண்ணத்தோடு வருவார். இங்கே வந்தவர் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். செல்வி வாசல்வரை வந்து, சாத்திய கதவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்:

“மாசக் கடைசிக்கு இன்னும் மூணு வாரம் இருக்குதும்மா. அடுத்த வாரம் ரெண்டு மூட்டையாக் கொண்டா.”