அண்ணாந்து குடித்த அப்சிந்த்

பாரில் வேலை பார்ப்பவன் குடிக்கமாட்டான் என்றால் துபாயில் ஒருவரும் நம்புவதில்லை. என் மனைவியே நம்பவில்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்றின் பாரில் பல வருடம் வெயிட்டராக இருந்தும், ஆரஞ்சு ஜூஸைத் தவிர வேறெதையும் நான் வாயில் வைத்ததில்லை. கொள்கை, விரதம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. கிளாஸ்களை எடுத்துப்போகும்போது வரும் வாடையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்படிப்பட்ட என்னைத்தான் சூப்பர்வைசர் வேலைக்கான தேர்வுக்கு வரச் சொன்னார் எங்கள் மேனேஜர். லெபனான்காரர், கோபக்காரர். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வெயிட்டருக்கு ஃபேமிலி விசா கிடையாது, சூப்பர்வைசருக்கு உண்டு. தஞ்சாவூரில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். மகள் என்னைப் போனிலேயே பார்த்துப் பார்த்து, நான் போனுக்குள் குடியிருக்கும் ஆள் என்று முடிவு கட்டியிருந்தாள். போனை அணைத்தால் அப்பா தூங்கிவிட்டார் என்பாளாம். மனைவி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வலித்தது.

புதிதாக வந்திருந்த பாரம்பரியப் பச்சை அப்சிந்தைச் சுவைத்து, எப்படி இருக்கிறது, மெனுவில் எங்கே போடலாம் என்று சொல்வதுதான் தேர்வு. அப்சிந்த் என்பது ஐரோப்பிய மூலிகைச் சாராயம். அதை அப்படியே குடிப்பதில்லை. கிளாஸின் மேல் குட்டி ஜல்லிக்கரண்டி மாதிரி ஒன்றை வைத்து, அதில் சர்க்கரைக் கட்டியை வைத்து, ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பச்சை மெல்லக் கலங்கிப் பால் நிறத்துக்கு வரும்.

அல் குசைஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப் ரூமில் ஒத்திகை நடந்தது. சோம்பு ஊறவைத்த தண்ணீர்தான் அப்சிந்த். வடை சுடும் ஜல்லிக்கரண்டியை டம்ளரின் குறுக்கே வைத்து நான் சொட்டு விட, அதே ஹோட்டலில் லாண்டரியில் வேலை பார்த்த மதுரைக்கார அண்ணன் பொறுமையிழந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, இம்புட்டு மெதுவா ஊத்துனா குடிக்க வந்தவன் லீவு முடிஞ்சு ஊருக்கே போயிருவான்ப்பா.”

“இதுதான் முறையாம்ணே.”

“என்னா முறையோ போ. காதுகுத்துக்குக்கூட இம்புட்டுச் சடங்கு கெடையாது.”

ஒத்திகை முடிந்ததும் அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிட்டு, வயிறு லேசாகிவிட்டது என்று பாராட்டினார்.

தேர்வுக்கு நானும் எங்கள் பாரிலேயே வேலை பார்த்த ஒரு கோவாக்காரரும் வந்திருந்தோம். விலை உயர்ந்த சரக்கு என்பதால் மேனேஜர் ஒரே ஒரு கிளாஸ்தான் கலக்கினார். முதலில் கோவாக்காரர். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். மழைக்குப் பிறகு மலைப்புல்வெளி, பழைய நூலகம் என்று இங்கிலீஷில் அடுக்கினார். பிறகு அதே கிளாஸை என்னிடம் நீட்டினார். விளிம்பில் அவருடைய கீழுதடு பளபளவென்று பதிந்திருந்தது.

எச்சில்! எங்கள் வீட்டில் செம்பை உதட்டில் வைத்துவிட்டு அடி வாங்காமல் தப்பியவர் கிடையாது. கேம்ப் ரூமிலும் எல்லாருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில், எல்லாரும் அண்ணாந்துதான் குடிப்போம். நான் யோசிக்கவே இல்லை. தலை தானாக அண்ணாந்தது, கை தானாக ஒரு சாண் மேலே போனது. ஊற்றிவிட்டேன்.

வாய் அகன்ற கிளாஸ் செம்பு மாதிரி சொன்னபடி கேட்காது. கொஞ்சம் வாய்க்குள் போனது, கொஞ்சம் மூக்கில் ஏறியது, மிச்சமெல்லாம் காலருக்குள் இறங்கியது. இருமி, தும்மி, கண்ணீர் விட்டு ஓய்ந்தேன்.

“செடிக்குத் தண்ணீர் விடுகிறாயா?” என்று மேனேஜர் கத்தினார். “கிளாஸ் மேலே, மூக்கு கீழே. வாசனையை யார் பார்ப்பது?”

எச்சிலை இங்கிலீஷில் விளக்க முயன்றேன். “அவர் வாய், என் வாய், மாஃபி சார்” என்று, கூடாது என்பதற்குத் தெரிந்த அரபியையும் கலந்து என்னென்னவோ உளறினேன். கோவாக்காரர் தன் வாய்க்கு என்ன குறை என்று சண்டைக்கு வந்தார். என் விசா காலர் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

“கலாஸ்!” என்று இருவரையும் அடக்கிவிட்டு, மேனேஜர் எனக்குத் தனியாக ஒரு கிளாஸ் கலக்கினார். “முதலில் மூக்கு. அப்புறம் ஒரு வாய். உடனே விழுங்காதே, வாயிலேயே வைத்திரு. யல்லா.”

மூக்கை உள்ளே விட்டேன். தெரிந்த இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன்.

“முதலில் சோம்பு சார். நாங்கள் பிரியாணிக்குப் பிறகு மெல்லுவது. அதற்குப் பின்னால் மரிக்கொழுந்து மாதிரி ஒன்று, என் மனைவி பூவோடு சேர்த்துத் தலையில் வைப்பது. விழுங்கினதும் அடிநாக்கில் நிலவேம்புக் கஷாயக் கசப்பு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. “மொத்தத்தில் வயிற்றுவலிக்குக் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து சார். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது லீவில் போயிருந்தேன், அவள் வாயில் இந்த வாசனைதான் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் இதைக் கொடுக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.”

மேனேஜர் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மெனுவின் கடைசிப் பக்கத்தில் அப்சிந்த் ஏறியது. நான் சூப்பர்வைசர் ஆனேன். கோவாக்காரர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

விசா வந்து, ஏர்போர்ட்டில் அவர்கள் இறங்கிய அன்று மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“அம்மா, அப்பா போனுக்குள்ளதான இருக்காங்க. இது யாரு?”

மனைவி சிரித்துச் சமாளித்தாள். நான் போனைப் பாக்கெட்டில் போட்டேன்.

டாக்சியில் மகளுக்குத் தாகம் எடுத்தது. என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாய் முழுக்க உள்ளே வைத்து உறிஞ்சினாள். அவள் வாயிலிருந்த பிஸ்கட் துகள்கள் தண்ணீரில் இறங்கி, அது கலங்கியது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுப் பாட்டிலை நீட்டினாள்.

“நீயும் குடி.”

“ஏய், அவங்களுக்கு எச்சி ஆவாதுடி. இங்க குடு” என்று மனைவி கை நீட்டினாள்.

நான் முந்திக்கொண்டேன். பாட்டிலை உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தேன். உடனே விழுங்கவில்லை.

“என்னங்க, ஏன் பேசாம இருக்கீங்க?” என்று மனைவி கேட்டாள். வாயில் தண்ணீர் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.