சுருதிப் பெட்டியில் கேட்ட விசில்

என் மனைவி ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். நான் வேட்டை உரிமம் எடுத்தவன். எங்கள் ஆட்களில் பன்றி சுடப் போகிறவன் நான் ஒருவன்தான் என்று கலியாண வீடுகளில் பகிடி பண்ணுவார்கள். அவள் மட்டும் பிளாஸ்கில் தேநீரோடு கூடவே வருவாள். இந்த நாட்டில் சாரதி இருக்கை இடப்பக்கம்; காரை நான்தான் ஓட்டுவேன். கார்த் திறப்பை அவளிடம் கொடுத்ததே இல்லை. காட்டுப் பரணில் அவள் என் வலப்பக்கம் உட்காருவாள், இடக்காது துவக்குப் பக்கம்.

தோள் வலிக்கிறதென்று துவக்கின் வாயில் ஒரு பிரேக் பூட்டியிருந்தேன். துளை போட்ட சின்ன இரும்புக் குழாய். வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் குறைக்கும். அதைத் தடவித் தடவிப் பெருமைப்படுவேன். அவளுக்குக் காதுமூடி வாங்கிக் கொடுத்திருந்தேன். கொண்டையை அழுத்துகிறதென்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். நானும் வற்புறுத்தவில்லை. என் தோள்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து சொன்னாள்: “இஞ்சருங்கோ, சுருதிப் பெட்டி பிழைச்சுப் போச்சு. கூட ஒரு விசில் சத்தம் வருது.”

மின்சாரப் பெட்டிதானே, நான் விடுவேனா? கழற்றித் துடைத்தேன், பற்றரி மாற்றினேன். எனக்கு ஒரு விசிலும் கேட்கவில்லை. கடைசியில் பெட்டியை அணைத்தேன்.

“இப்ப?”

“ஓம், இப்பவும் கேக்குது.”

வெடிச் சத்தத்தில் இடக்காது பழுதாகிவிட்டது, போன கேட்கும் திறன் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார் காது வைத்தியர்.

மறுநாளே துவக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார ஜெர்மன் பெண் பிரேக்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாராவது இருப்பார்களா என்று கேட்டாள். மனைவி என்றேன். “அப்படியானால் சத்தம் முழுக்க அவருக்குத்தான் போயிருக்கும்,” என்றாள். அவள் பிரேக்கைக் கழற்றி, அந்தத் திருகு மரையிலேயே சைலன்சரைப் பூட்டிக் காட்டினாள். படங்களில் வருகிற மாதிரி ‘புஸ்’ என்று அடங்காது, காதுமூடியும் போடத்தான் வேண்டும் என்றாள்.

சுடுதளத்தில் முதல் வெடி நாலு விரல் கீழே போனது. குழலின் வாயில் பாரம் மாறினால் குறியும் மாறுமாம். துவக்கின் தொலைநோக்கியைத் திருத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கூட வந்திருந்த மனைவி கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு, காதுமூடியோடு இருந்தாள்.

“எப்பிடி?” என்று சைகையால் கேட்டேன்.

காதுமூடியைக் கழற்றினாள். “வெடிக்குப் பிறகும் விசில் கூடேல்லை. இதை முதலே பூட்டியிருக்கலாம், என்ன?”

கோபமில்லாமல்தான் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கார் நிறுத்திய இடத்தில் கையை நீட்டினாள். “திறப்பைத் தாங்கோ. நீங்கள் ஓட்டினா உங்கடை கதை என்ரை இடக்காதிலைதான் விழுகுது. ஒண்டும் விளங்குதில்லை.”

கொடுத்தேன். அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். நான் அவளுக்கு வலப்பக்கம் இருந்து, வீடு வரும்வரை கதைத்துக்கொண்டே வருகிறேன்.