மெயினை அணைத்தது நான்தான்

ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, கடையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பிரின்டர் போதும்படி அதைப் பிரின்ட் சர்வராக்கினேன். மாலை வரை அருமையாக ஓடியது. மறுநாள் காலை கடை திறந்தால் 'பிரின்டர் கிடைக்கவில்லை' என்று நின்றது. மூன்று நாளும் காலையில் இதே கதை. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து போட்டேன். லினக்ஸை நான் திட்டாத வார்த்தை இல்லை.

நான்காம் நாள் திங்கட்கிழமை, கலெக்டர் மனு வாங்கும் நாள். கூமாப்பட்டி அக்கா ஒருவர், தோட்டத்துப் பாதையை அடைத்துவிட்டார்கள் என்று கலெக்டரிடம் கொடுக்க மனு அடிக்க வந்தார். அடித்து முடித்தேன். தாள் வரவில்லை.

"செத்த நேரம் இருங்கக்கா" என்று சொல்லியே முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன்.

"எம்புட்டு நேரம்மா? விருதுநகர் பஸ்ஸும் போயிருச்சு. வயரை நேரா குத்தி எடுக்க ஏலாதா?"

பிரின்டர் வயரை என் கம்ப்யூட்டரிலேயே நேராகக் குத்தினேன். இரண்டே நிமிடத்தில் மனு வந்தது. "இனி அடுத்த திங்கள்தான்" என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

காரணம் மதியம்தான் பிடிபட்டது. தினமும் கடை பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவேன். மறுநாள் மெயினைப் போட்டதும், எல்லாவற்றையும் இணைக்கும் ரவுட்டர் பிரின்டருக்கு வேறு முகவரி எண் கொடுத்துவிடும். லினக்ஸ் பாவம், பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

இப்போது பிரின்டருக்கு மாறாத எண் கொடுத்துவிட்டேன். வயரையும் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கள், மனுவில் தேதியை மாற்ற அந்த அக்கா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.