குளத்துப் பக்கம் விழுந்த கோல்

போன மாதம் என் மகன் படிக்கும் பள்ளியில் ஒரு கால்பந்து ஆட்டம். பெற்றோர் அவசியம் வரவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததால் போனேன். போகாவிட்டாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது போன பிறகு தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு வங்கி மேலாளர். ஆட்டம் முழுக்க "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று கத்திக்கொண்டே இருந்தார். பந்து கோட்டுக்கு வெளியே போனாலும் ஆஃப்சைடு, ஒரு பையன் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாலும் ஆஃப்சைடு. இடைவேளையில், அப்படியென்றால் என்ன சார் என்று பணிவாகக் கேட்டேன்.

"அது ரெஃப்ரிக்குத் தெரிஞ்சா போதும் சார். நமக்கு எதுக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானத்தைச் சுற்றி நின்று கத்துகிறவர்களுக்கு விதி எவ்வளவு தெரியும் என்கிற விஷயத்தில், எங்கள் குடும்பத்துக்கு வாய் திறக்கும் யோக்கியதை கிடையாது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். அண்ணன் பத்தாவது படித்தான். பள்ளி அணியில் பேக், அதாவது தன் பக்கத்து வலைக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையெல்லாம் விரட்டி அடிக்கிற வேலை. வீட்டில் குழித்தறி இரண்டு. ஒன்றில் அப்பா நெய்தார். இன்னொன்று, சித்தப்பா தனிக்குடித்தனம் போனதிலிருந்து காலி. அதன் குழியில் ஒரு பூனை குட்டி போட்டுக் குடியிருந்தது. அண்ணனின் பரீட்சை முடிந்ததும் பூனை காலி செய்துகொடுக்க வேண்டும் என்பது பூனையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

குறுக்கே வந்தவர் பி.டி. மாஸ்டர். வெளியூரில் அரசாங்க விளையாட்டு விடுதி இருக்கிறது, சாப்பாடும் படிப்பும் இலவசம், பையன் நன்றாக வருவான், தகப்பனார் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அண்ணன் வேறு ஆளாகிவிட்டான். அடிபம்பில் தண்ணீர் அடித்தான். அம்மாவோடு உட்கார்ந்து ராட்டையில் பட்டு இழைத்தான். குழம்பில் உப்பில்லாத அன்றைக்குக்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டான். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு விடுதியைப் பற்றி என் காதில் பேசுவான். அங்கே ஆளுக்கொரு கட்டிலாம். எனக்கு அதிலிருந்து புரிந்தது, பாய் முழுக்க எனக்கே வரப்போகிறது என்பது.

அப்பா மசியவில்லை.

"ஒதைக்கிறதுக்கு ஒரு ஹாஸ்டலாடா? தறிக் குழியில மிதி இருக்குதே, அத ஒதை."

"ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டு வேணான்னு சொல்லுங்களேன்," என்றாள் அம்மா.

அப்பா யோசித்தார். "சரி, அமாவாசையில ஆட்டம் வந்தா வர்றேன். ஆளு தேறுவான்னு எனக்குத் தோணுச்சுன்னா போட்டும். இல்லன்னா பரீட்சை முடிஞ்ச மறுநாளு தறியில உக்காரணும். அப்புறம் பேச்சு கூடாது."

நெசவுத் தெருவுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத் தறி ஓடாது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் அமாவாசை பார்த்தா ஆட்டம் வைக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் அப்பா வாக்குக் கொடுத்தார். பார்க்காமல் வைத்ததாலோ என்னவோ, செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு அண்ணன் அணி ஆடவேண்டிய ஆட்டம் சரியாக அமாவாசையில் வந்து விழுந்தது. அப்பா வாக்குத் தவறாதவர். வேலையில்லாத தெரு முழுக்க அவர் பின்னால் கிளம்பிற்று.

எங்கள் தெருக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு சாமி ஏதாவது ஒரு வாகனத்தில் வந்துகொண்டே இருக்கும். எந்த மண்டபத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், முனை திரும்பும்போது குடை எப்படிச் சாய வேண்டும் எல்லாம் அத்துப்படி. ஒரு அடி பிசகினால் கூட்டமே திருத்திவிடும். அதில் மாறாத விதி ஒன்று உண்டு: புறப்பட்ட சாமி பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகாது. சுற்றித்தான் நிலைக்கு வரும். இந்த ஞானத்தோடுதான் அவர்கள் பந்தாட்டம் பார்க்க வந்தார்கள்.

இதற்கு மேல் எதையாவது விளக்கவேண்டியிருந்தால் அதற்கு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. கொஞ்ச காலம் பட்டணத்தில் புடவைக் கடையில் வேலை பார்த்தவர். அதனால் ரயிலிலிருந்து ராக்கெட் வரை எல்லாவற்றுக்கும் எங்கள் தெருவில் அவர்தான் பொறுப்பு. மைதானத்தின் ஒரு பக்கம் குளம், எதிர்ப்பக்கம் வேப்பமரம். மாமா கையை நீட்டி விதிகளை வகுத்தார்.

"நம்ம பசங்க பச்ச சட்ட. அவங்க செவப்பு. குளத்துப் பக்கம் வல இருக்குது பாரு மச்சான், அதுல பூந்துச்சுன்னா நமக்கு. வேப்பமரத்துல பூந்தா அவங்களுக்கு. இதான் ஆட்டம். மத்ததெல்லாம் சும்மா ஓடிக்கினு இருக்கிறது."

அந்த நேரத்துக்கு அது சரிதான். பச்சைச் சட்டைகள் குளத்தைப் பார்த்து ஓடின. ஆனால் அண்ணன் ஓடவில்லை. தூரத்தில் வேப்பமரத்துப் பக்கம், பந்து வந்தால் அடிப்பதும் வராவிட்டால் நிற்பதுமாக இருந்தான். அப்பாவின் முகம் சுண்டிற்று.

"இன்னா மாப்ள, இவன் அங்கியே நின்னுக்கினு இருக்கான்?"

"காவலு மச்சான் அது."

"காவலுன்னா? ஆட்டத்துல சேத்துக்கலயா?"

ஊரே வடம் பிடித்துத் தேர் இழுக்கும்போது தன் பிள்ளை மட்டும் பந்தல் நிழலில் நிற்பதைப் பார்த்தவர்போல அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பக்கமும் கோல் விழாமல் இடைவேளை வந்தது.

மனிதர் மனம் உடைந்திருக்கிறார் என்று மாமா தெருவையே வெளியே டீக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். போண்டா எண்ணெயில் கிடந்தது. வெந்த பிறகு போகலாம் என்று நின்றோம். எங்களுக்கு போண்டா வெந்துகொண்டிருந்த நேரத்தில் மைதானத்தில் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொண்டன. இடைவேளைக்குப் பிறகு மாறிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இனிமேல் குளத்துப் பக்கத்து வலைதான் எங்கள் வலை; அதைத்தான் பச்சைச் சட்டை காக்க வேண்டும். நாங்கள் திரும்பி வந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

அப்பா கண்டது ஒன்றுதான். ஒதுக்குப்புறமாக நின்றிருந்த பிள்ளை இப்போது குளத்து வலைக்கு நேர் முன்னால் நிற்கிறான்.

"மாப்ள, முன்னால வந்துட்டான்டா."

"நான் சொல்லல? மாஸ்டரு பாத்துக்கினே இருந்திருக்காரு. தூக்கி எதிரி வாசல்லயே விட்டுட்டாரு."

அப்படி வாசலில் விடப்பட்டவன் ஏன் பந்தை வலையிலிருந்து தூர தூர அடிக்கிறான் என்று ஒருவர் சந்தேகப்பட்டார். எதிரிகளை ஓடவிட்டுக் களைக்க வைக்கிறான் என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அந்தப் பொறுமை வெகுநேரம் நீடிக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் வலையை வைத்துக்கொண்டு பந்தை வீணடிக்கிறானே என்று தெரு தவித்தது. "உள்ள அடிடா, உள்ள அடி" என்று கத்த ஆரம்பித்தார்கள். நானும் கத்தினேன். கடைசியில் அப்பாவும். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது.

"டேய் பெரியவனே, உள்ள அடிடா."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். மைதானத்தில் அப்பாவின் குரலை அவன் கேட்டதே இல்லை. அந்த ஒரு திரும்பலில், சிவப்புச் சட்டை ஒருவன் பக்கத்திலிருந்து அடித்த பந்து அவன் காலில் பட்டு, திசை மாறி, வலைக்குள் போய் நின்றது.

அதற்கப்புறம் நடந்தது திருவிழா. துண்டுகள் பறந்தன. கோல்கீப்பர் குப்புறப் படுத்துத் தரையைக் குத்தினான். கோல்கீப்பருக்கு மட்டும் தனி நிறத்தில் சட்டை என்பதால் அவன் எந்தக் கட்சி என்று எங்களுக்குத் தெரியாது; பாவம், அவங்க ஆளு என்று பரிதாபப்பட்டோம். சிவப்புச் சட்டைகளும் கட்டிப்பிடித்துக் குதித்தன. "கோலு வாங்கினவன் கூட ஆட்றான் பாரு, பெரிய மனசுடா" என்று அப்பா நெகிழ்ந்தார்.

வேறு கோல் விழவில்லை. ஊதல் ஊதியதும் அப்பா மைதானத்துக்குள் ஓடினார். தோளில் இருந்த துண்டை எடுத்து, கோயிலில் பரிவட்டம் கட்டுவதுபோல அண்ணன் தலையில் சுற்றிக் கட்டினார். அண்ணன் ஏங்கி ஏங்கி அழுதான். சந்தோஷம் தாங்கவில்லை என்றார்கள். பச்சைச் சட்டைப் பையன்கள் தள்ளி நின்றார்கள். பி.டி. மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அவரு இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருக்காரு?" என்று அப்பா கேட்டார்.

"கண்ணு பட்டுடக்கூடாதுன்னுதான்," என்றார் மாமா.

அந்தப் பள்ளியில் படித்த எங்கள் தெருப் பையன்கள் சிலருக்கு விஷயம் தெரியும். அப்பா அவர்களுக்கும் போண்டா வாங்கிக்கொடுத்தார். தின்றுகொண்டே அவரைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு அம்மா கேசரி கிளறினாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல், "எங்கடா கையெழுத்து போடணும்? எடுத்தா," என்றார்.

அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "வேணாம் நைனா."

"இன்னா வேணாம்?"

"ஹாஸ்டலு வேணாம். தறியிலயே உக்காந்துக்கிறேன்."

"டேய், நாந்தான் சரின்றேனே. ஒரு மாசமா உசுர எடுத்துட்டு, இப்ப ஜெயிச்சுட்டு வந்து வேணான்ற?"

அண்ணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவனை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அண்ணன் வாயை மூடிக்கொண்டான். கேசரியைத் தொடவில்லை. அவன் பங்கையும் நான்தான் தின்றேன்.

சில நாள் கழித்து பி.டி. மாஸ்டர் சைக்கிளில் வந்தார். தெருமுனையில் நின்று அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவர் சைக்கிளை மிதித்துப் போனபோது, பாய் விஷயத்தில் நான் ஏமாந்துவிட்டது எனக்கு உறுதியாயிற்று.

பரீட்சை முடிந்தது. பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பரணுக்குப் போயிற்று. அண்ணன் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான்.

அவன் ஏன் மறுத்தான் என்பதற்கு அப்பா தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். தகப்பனுக்கு முட்டி வலி, தனியாக இழுக்க முடியாது என்று பிள்ளை தன் ஆசையை விட்டுவிட்டான். ஜரிகை கொண்டுவருகிறவர், மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவர், வழி கேட்டு வந்தவர், யாரானாலும் முழுக்கதையையும் கேட்காமல் வாசற்படி இறங்க முடியாது. "டீ குடிச்சிட்டு உள்ள பூர்றோம், குளத்துப் பக்கம் நின்னுக்கினு இருக்கான். விட்டான் பாரு ஒண்ணு." கதை அந்த இடத்துக்கு வரும்போது அடுத்த தறியில் அண்ணன் கையின் நாடா, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டை, படபடவென்று வேகமாக ஓடும். அண்ணனுக்குத் தற்பெருமை பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் அதே பள்ளியில் ஆறாவது சேர்ந்தேன். ஆட வரவில்லை, ஆட வராதவன் வழக்கப்படி விதிகளை மனப்பாடம் செய்தேன். வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை டிவி வந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏதோ ஒரு வடக்கத்தி ஊரில் நடந்த ஆட்டத்தைக் காட்டினார்கள். அண்ணன், பட்டுக் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வீட்டுக்குப் புடவை கொடுக்கப் போயிருந்தான். நானும் அப்பாவும் மட்டும். இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"டேய், வெள்ள சட்டக்காரன் இந்தாண்டதான அடிச்சிக்கினு இருந்தான்? இப்ப அந்தாண்ட ஓட்றான்?"

"இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாத்திப்பாங்க நைனா."

"இன்னாத்துக்கு?"

"காத்து, வெயிலு ரெண்டு கட்சிக்கும் சமமா இருக்கணும்ல. அது ரூலு."

"டிவியில ஆட்றவங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான்."

அப்பா டிவியை விட்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம ஸ்கூல்லயுமா?"

"எங்க ஆடினாலும்."

"இப்பதான் கொண்டாந்தாங்களா இத?"

"இல்ல நைனா, அவரு தாத்தா காலத்துலேர்ந்து இருக்குதுன்னு மாஸ்டரு சொன்னாரு," என்றேன். அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை அவருக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு முதல் தடவை. ஆஃப்சைடையும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து போய்விட்டார். போய்ப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளக்குக்கூடப் போடாமல் அண்ணனுடைய தறியில் உட்கார்ந்திருந்தார். நெய்யவில்லை. அண்ணன் திரும்பி வந்ததும் எழுந்து இடம் விட்டார். "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் ஜரிகைக்காரர் வந்தார். அப்பா வேலையை நிறுத்திவிட்டு அவரை உட்காரவைத்து, கதையை டீக்கடையிலிருந்து ஆரம்பித்தார். குளத்துப் பக்கம், வலை, விட்டான் பாரு ஒண்ணு. எப்போதையும்விட உரக்கச் சொன்னார், ஒரு வார்த்தை மாற்றாமல். அடுத்த தறியில் நாடா வேகமெடுத்தது.

முந்தின நாள்தான் அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருந்தேன். இந்த மனுஷன் மண்டையில் ஒரு சின்ன ரூல்கூட ஏறாதா என்று அலுத்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினேன்.