தாளைப் பார்த்து வாசித்தவள்

பாலேஸ்வரி சொல்கிற மாதிரி கோயில் மேடையில் என் மருமகளின் தாள் காற்றில் பறக்கவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பாலேஸ்வரி அந்த நேரம் அன்னதானப் பந்தியில் நின்றாள். பார்த்த நான் பேசலாம். சாம்பார் வாளி தூக்கியவள் எப்படிப் பேசலாம்?

வித்தியா தாளைப் பார்த்துத்தான் வயலின் வாசிப்பாள். அதை யாரும் துப்புத் துலக்க வேண்டியதில்லை, அவளே சொல்வாள். உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அவள். ஸ்வரத்தை எழுதிவைத்தே படித்தவள். புதுப் பாட்டு ஒன்றை எழுதி முன்னால் வைத்தால், பேப்பர் வாசிக்கிற மாதிரி அப்படியே வாசித்துவிடுவாள். தாள் இல்லாவிட்டால் விரல் நின்றுவிடும்.

என் மகன் நிரூபன் வேறு மாதிரி. ஒரு பாட்டைக் காலையில் ரேடியோவில் கேட்டான் என்றால் பல் துலக்கி முடிப்பதற்குள் பாடிவிடுவான். எழுதி வைத்ததே கிடையாது. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"தாள் இல்லாம தேத்தண்ணி ஊத்த வருமா டீச்சர்?" என்பான்.

"சீனி எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க, ஊத்துறேன்" என்பாள்.

எங்கள் ஊர் பலாபத்வல முழுக்க அவன் பாட்டுக்கு ஆட்கள் உண்டு. அவன் பாட, சஜீவன் மிருதங்கம் அடிக்க, இவள் வயலினும் சேர்ந்து ஒரு குழுவானது. அப்போதுதான் ஊர்வாய் திறந்தது. மேடையில் ஸ்டாண்ட் வைத்துத் தாள் பார்த்தால் பாடம் ஏறவில்லை என்று அர்த்தமாம். அய்யர் புத்தகம் பார்த்து மந்திரம் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இவள் பார்த்தால் மட்டும் சிரிக்கிறார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. கேலி செய்வதென்றால் என்னைச் செய்யட்டும். எழுத்துத் தெரிந்தவளை எதற்குச் செய்வது?

அன்று கோயில் மேடையில் நடந்தது இதுதான். நிரூபன் பிள்ளையார் பாட்டு ஒன்று பாடினான். அவனுக்குப் பழக்கமான முருகன் பாட்டு ஒன்றுக்கும் அதே ராகம், அதே தாளம். நடுவில் ஒரு வரி இரண்டிலும் ஒரே மாதிரி மேலே ஏறும். ஏறியவன் இறங்கும்போது முருகன் பாட்டுக்குள் இறங்கிவிட்டான். மனப்பாடக்காரர்களுக்கு வருகிற வழுக்கல் அது. சஜீவனுக்குத் தாளம் மாறவில்லை, அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பாடினால் என்ன, தம்பியைப் பாடினால் என்ன, சனம் கையெடுத்துக் கும்பிட்டது. வித்தியாவின் தாளில் மட்டும் அந்த வரி இல்லை. வயலின் வில்லை நரம்பிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி முருகன் பாட்டைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டாள். சனம் பார்த்தது அந்தப் புரட்டலைத்தான்.

திரும்பும்போது வேனிலேயே நான் சொன்னேன், "தம்பி, வழுக்கினது நீதான்." அவனைத் தொட்டிலில் போட்ட நாள் முதல் கேட்கிற குரல், எனக்குத் தெரியாதா? அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சஜீவன் மிருதங்கத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஊரெல்லாம் டீச்சர் முழித்த கதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவளிடமே கேட்டார்களாம். பாடிப் பெயர் எடுத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை. அவள் பெயர் கெட்டால் கெடட்டும் என்று இருந்துவிட்டான்.

அதற்குமேல் தேர்த்திருவிழாக் கச்சேரிக்கு ஸ்டாண்ட் வேண்டாம் என்று வேறு சொன்னான். அவள் கோபப்படவில்லை. பிழை யாருடையது என்று மேடையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஸ்டாண்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றாள். அந்த நாட்களில் கண்டியில் ஒரு வாத்தியக் குழு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கே எல்லோர் முன்னாலும் ஸ்டாண்ட் இருக்குமாம், தாள் இல்லாமல் வருகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்களாம். கோயிலை விட்டுவிட்டா என்று நிரூபன் மறித்தான். திருவிழா வரைக்கும் பார்க்கிறேன் என்று அவளும் பொறுத்தாள்.

திருவிழா அன்று வேன் வந்து வாசலில் நின்றது. சஜீவன் மிருதங்கத்தோடு உள்ளே இருந்தான். எதிர்வீட்டு மதிலில் பாலேஸ்வரியின் தலை. வித்தியா வயலின் பெட்டியைத் தோளில் மாட்டி, ஸ்டாண்டை எடுத்தாள்.

"அதை வச்சிட்டு வா" என்றான் நிரூபன்.

"மேடையில அந்த வார்த்தையைச் சொல்வீங்களா?"

"சனத்துக்கு முன்னால என்னைத் தலைகுனிய வைக்கப் பாக்கிறியா?"

"நான் குனிஞ்சுட்டேனே. உங்களுக்கு அது பரவாயில்லை."

அவன் வேனில் போய் ஏறிக்கொண்டான். இறங்கி வந்து சொல்வான் என்று அவள் கொஞ்சம் நின்றாள், நானும் நின்றேன். வேன்காரன் ஹோர்ன் அடித்தான்.

"மாமி, நான் கண்டிக்குப் போறேன்" என்றாள்.

"போ" என்றேன். என் பிள்ளை கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

ஓடிப்போனாள் என்கிறாள் பாலேஸ்வரி. ஓடுகிறவள் பின்பக்கமாகப் போவாள். இவள் முன்கதவால் இறங்கி, வேனுக்கு முன்னாலேயே ரோட்டைக் கடந்து, பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். மடித்துப் பைக்குள் வைக்கிற சாமான்தான் அந்த ஸ்டாண்ட். அன்று அவள் மடிக்கவில்லை. விரித்தபடியே தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.