மேட்ச் ஆகாத ரத்தம்

செம்பூரில் ஒரு ஜெனெடிக்ஸ் லேபில் நான் சீனியர் டெக்னீஷியன். அங்கே எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் போலீஸ்வாலி, அதாவது போலீஸ்காரி. ட்யூப் வந்தால் லேபிளை நம்பமாட்டேன், கொண்டுவந்தவரையும் நம்பமாட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக தாராவி செல்வியின் கேஸை எழுதிவைக்கிறேன்.

செல்விக்கு அது முதல் குழந்தை. ஸ்க்ரீனிங்கில் டவுன் சிண்ட்ரோம் ஹை ரிஸ்க் என்று வந்துவிட்டது. சயானில் ஒரு கிளினிக்கில் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்து, ராப்பிட் டெஸ்டுக்கு எங்களிடம் அனுப்பினார்கள். ஓரிரு நாளில் ரிசல்ட் வந்துவிடும். கூடவே அம்மாவின் ரத்தமும் வேண்டும். பிள்ளைக்குப் பாதி அம்மாவிடமிருந்து வருவதால், ஒவ்வொரு மார்க்கரிலும், அதாவது டி.என்.ஏ.வில் நாங்கள் ஒப்பிடும் ஒவ்வொரு இடத்திலும், அம்மாவின் பீக், கிராஃபில் எழும் கூர்முனை, ஒன்றாவது பிள்ளையிடம் இருந்தே தீரவேண்டும்.

டவுன் சிண்ட்ரோமைக் காட்டிக்கொடுக்கும் இருபத்தொன்றாம் குரோமோசோம் நார்மல். ஆனால் சில மார்க்கர்களில் அம்மாவின் பீக் பிள்ளையிடம் இல்லவே இல்லை. அதே கிளினிக்கிலிருந்து அன்று இன்னொரு பெண்ணின் சாம்பிளும் வந்திருந்தது. ட்யூப் மாறியிருந்தால் அவள் பிள்ளையின் ரிசல்ட் இவளுக்குப் போய்விடும்.

எங்கள் டாக்டர் மாட்டுங்காக்காரர். ஸ்க்ரீனை உற்றுப் பார்த்தார். "நார்மல்னு சந்தோஷப்பட்டுண்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன். யாரோட நார்மல் இது? எல்லாத்தையும் திரும்ப ரன் பண்ணுங்கோ."

பண்ணினோம். மற்றப் பெண்ணுக்கு எல்லாம் பொருந்தியது. செல்விக்குப் பழைய கதைதான். எங்கள் ரிசப்ஷன் கவுண்டரில் இருந்த பெண், செல்வியின் கணவர் முருகனுக்குப் போன் போட்டு, "பிளட் மேட்ச் ஆகல, மறுபடி குடுக்கணும்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

மறுநாள் செல்வியும் அவள் அக்கா மாரியும் முருகனும் வந்தார்கள். முருகன், தன் மனைவியின் பக்கத்தில் உட்காரவில்லை.

"மேட்ச் ஆகலன்னா யாரோட ஆகல மேடம்?"

"உங்க ரத்தத்தை நாங்க வாங்கவே இல்லையே தம்பி. அம்மா ரத்தத்தோடதான் பார்க்கிறோம்."

"பெத்தவளுக்கும் புள்ளைக்கும் எப்படி ஒத்துப்போகாம இருக்கும்? எங்கிட்ட என்னமோ மறைக்கிய."

சொல்லிவிட்டு அவர் செல்வியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானே ரத்தம் எடுக்கிறேன் என்று செல்வியை உள்ளே அழைத்தேன். அக்காவும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு எந்தக் கையில எடுத்தாங்க?"

செல்வி அக்காவைப் பார்த்தாள். மாரி சட்டென்று முந்தானையை இழுத்துத் தன் கையை மூடினாள். "காட்டும்மா" என்றேன். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது.

"வயித்துல ஊசி போட்டதும் இவ மயங்கிக் கெடந்தா மேடம். ஏற்கெனவே இவளுக்கு ரத்தம் கம்மி. செல்வின்னு கூப்பிட்டாவ, நாந்தான் போயி கைய நீட்டுனேன். ஒரு வயித்துல பொறந்தவளுக, ஒரே ரத்தந்தானேன்னு நெனைச்சேன். இப்பம் சொன்னா போலீஸு கேஸுன்னு ஆயிருமோன்னு பயம்."

"அடிப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

செல்வியின் ரத்தத்தை எடுத்து ரன் பண்ணினோம். அன்று சாயங்காலம் பார்த்தால் எல்லா மார்க்கரும் பொருந்தின. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா தங்கை இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லைம்மா. அந்தப் பயம் வேண்டாம்."

மாரி ஓவென்று அழுதாள். செல்வி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், வெளிய அவுக நிக்காவ. புள்ள நல்லாருக்குன்னு நான் சொல்லிக்கிடுதேன். மேட்ச் ஆயிட்டுன்னு மட்டும் நீங்க வந்து சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டாவ."

போய் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். முருகன் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

ட்யூபைச் சந்தேகப்படுங்கள், லேபிளைச் சந்தேகப்படுங்கள், கை நீட்டுகிறவர் யாரென்று கேளுங்கள். ஆனால் அந்தச் சந்தேகத்தைப் போனில் ஒரு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அங்கே அதைத் திரும்ப ரன் பண்ணிப் பார்க்க மெஷின் கிடையாது.